ளகரம்

அங்கப்ப மன்னாடியாரின் வாழ்க்கைக் குறிப்பில்
முதல் வரியிலேயே முதல் சண்டை.
வட்டிக்கடைக்காரர் என்று நான் அடித்ததை வெட்டி
வங்கியாளர் என்று போட்டார் பேரன் திருமலைசாமி,
கோயமுத்தூரில் பம்ப்செட் டீலர்.
நெட்டில் ஏறுவதுங்க, உலகமே பார்க்கும் என்றார்.
உலகம் கொழிஞ்சாம்பாறையை
எந்தப் பக்கமிருந்து பார்க்குமோ.

றெஜினா டீச்சர் இரண்டுக்கும் ஒப்பவில்லை.
போர்டில் பேங்க். பாஸ்புக்கில் பேங்க்.
அந்தப் பாஸ்புக் இன்னும் அவரிடம் இருக்கிறது:
எண்ணூற்று நாற்பது ரூபாய், ஊதா மசி,
கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து.
பேங்க் என்று நம்பித்தானே போட்டார் எங்கப்பா,
பேங்க் என்றே எழுது.

சரி.

கருணையுள்ளம் கொண்டவர். எடுத்தேன்.
திரும்ப வந்தது. எடுத்தேன்.
அப்புறம் ஆதாரத்தோடு வந்தது ஒரு வாக்கியம்:
ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு
ஒரு தடவை வட்டியில்லாமல் கொடுத்தார்.
அதை விட்டேன்.
இரண்டு நாளில்
'ஒரு தடவை' மட்டும் காணாமல் போயிற்று.

அறுபத்தொன்றாம் வருஷத்துக்குத்தான்
வினைச்சொல் கிடைக்கவில்லை.
செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது என்றார் பேரன்,
பஸ் டீக்கு நின்ற மாதிரி.
முடங்கியது என்றேன்.
திவால் என்றால் வக்கீலைப் பார்ப்பாராம்.
டீச்சர் கேட்டார்:
அன்றைக்கு ஊர் என்ன சொன்னது?

ஊர் சொன்னது
பாதி மலையாளம், பாதி நம்முடையது,
வேலந்தாவளம் செக்போஸ்டில்
யாரும் நிறுத்திச் சோதிக்காத சொல்:
பேங்கு பொளிஞ்சுபோச்சு.

கூரை பொளியும். புதுப்படம் பொளியும்.
நிச்சயம் பண்ணிய கல்யாணம் பொளியும்.
கொஞ்சம் சட்டை போட்டுவிட்டு
'பொளிந்தது' என்று எழுதி அனுப்பினேன்.

காலையில் திறந்தால்
'அறுபத்தொன்றில் வங்கி பொலிந்தது.'
எழுத்துப்பிழை என்று யாரோ திருத்தியிருக்கிறார்கள்.
நெல் அளக்கையில் களத்தில் சொல்கிற பொலி,
பொலியோ பொலி,
ஷட்டர் இறங்கிய வெயிலில்
துண்டைத் தலையில் போட்டு
வரிசை கலையாமல் நின்றவர்கள் மேல்.

பேரன் போனில் குளிர்ந்துபோயிருந்தார்.
அழகான சொல்லுங்க, எங்கப்பாருக்கு அமைஞ்ச சொல்லு,
அதை மட்டும் தொட்டுடாதீங்க.

தொட்டேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு, ஒரே ஒரு எழுத்தை.
தொட்டுவிட்டு
கடைசிப் பார்வைக்கு அனுப்பினேன்.

அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.
சின்ன ஸ்கிரீன், எழுபதாகிற கண்,
மனசு முந்திக்கொண்டு
'பொலிந்தது' என்றுதான் படித்தார்.
நன்றாக இருக்கிறது, ஏற்றிவிடுங்கள்.

டீச்சரிடம் சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
கூலி வந்துவிட்டதா என்றார்.
ஆயிரத்து இருநூறு, அக்கவுண்டில் போட்டுவிட்டார் என்றேன்.

எந்த பேங்க், என்றார்.