தாமதத்துக்குக் காரணம்

திருவொற்றியூர் யார்டில்
கேட்டை ஒட்டின கேபின் என்னுடையது.
ஏசி உண்டு. எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு.
ராத்திரி ஷிப்டு முழுக்க நான் எழுதுவது
மும்பை ஆபீசுக்குப் போகிற மெயில்.
டேமேஜ் என்றால் பின்னால் டு.
ஷார்ட்டேஜ் என்றால் ஆஃப்.
ரேட் ஏறினால் இன்க்ரீஸ், அதன் வாலில் ஒரு இன்.
ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.
ஃப்ளோராதான் தாளில் எழுதி
மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப்பால் ஒட்டினாள்,
பிரசவ லீவில் போகிற அன்றைக்கு.
ராயபுரம் கான்வென்டில் படித்தவள்.
அவளுக்கே நாலு வரியில் சந்தேகம்,
அதை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தாள்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது.
க்கு, இல், ஆல், ஓடு எல்லாம்
சொல்லோடு வெல்டிங் வைத்தே வரும்.
இங்கிலீஷில் வண்டி தனி, கொக்கி தனி.
டிரெய்லரை மாட்டும்போது
பின் உட்கார்ந்த சத்தம் கேட்கிறதே,
அது மாதிரி ஒன்று கேட்கணுமாம்.
எனக்குக் கேட்டதில்லை.

'இன்னா மேடம், ஒரு பொட்டிய அனுப்ப
இத்தினி எழுத்தா?'
ஜன்னல் வழியாக டீயை நீட்டுவார் தேசப்பன் அண்ணன்.
போன வருஷம் கம்பெனி கிளீனர்களை நிறுத்தியது.
அதிலிருந்து வண்டியில் அவர் ஒற்றை ஆள்.
க்யூவில் கண் அசந்தால்
பின்னால் நிற்பவன் ஹாரன்தான் எழுப்பும்.

ஒருநாள் மும்பையிலிருந்து பாடம் வந்தது.
ரிக்வெஸ்ட் பெயர்ச்சொல்லாக நின்றால்
ஃபார் கூட வரணும்,
வினைச்சொல்லாகப் போனால் கூடாது.
அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.
'அப்ப பேருக்குக் கிளீனர் உண்டு,
வேலைக்குக் கிடையாது.
நம்ம கம்பெனி மாதிரியே கீது.'

கத்திரி வெயிலில்
ஜீரோ கேட்டுக்குப் போகிற க்யூ
பதினாறு மணி நேரம் அசையவில்லை.
காசிமேட்டில் மீன் லோடு ஐஸ் உருகி
ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்ததாம்.
ராத்திரி கொஞ்சம் நகர்ந்தது.
ஒரு வண்டி மட்டும் நகரவில்லை.
பின்னால் ஹாரன்.
ஹாரன்.
யாரோ ஏறிக் கதவைத் திறந்தார்கள்.
ஸ்டியரிங்கில் கன்னம் வைத்திருந்தார்,
பக்கத்து சீட்டில்
மூடி திறக்காத சாப்பாட்டுத் தூக்கு.

கப்பல் போய்விட்டது.
விடிகாலை மூன்றுக்கு நான் டைப் அடித்தேன்:
ரீசன் ஆஃப் டிலே, டெத் ஆஃப் டிரைவர்.
ஏழு நிமிஷத்தில் பதில்.
ரீசன் என்றால் ஃபார்.
காஸ் என்றால்தான் ஆஃப்.
திருத்தி அனுப்பவும், அர்ஜென்ட்.
தப்பான இடத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள்.
அண்ணன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
அதில் மஞ்சள் இல்லை.

நாலாம் நாள் யசோதா அக்கா வந்தார்.
கையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி சீட்டு,
மெயில் காப்பியும் வேண்டும் என்றார்.
'இங்கிலீஷ்ல கீது, படிச்சி சொல்லும்மா.'
எதிரே உட்கார வைத்துத் தமிழில் சொன்னேன்.
இது தாமதத்துக்குக் காரணம்.
இது மரணத்துக்குக் காரணம்.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.
ரீசனும் இல்லை, காஸும் இல்லை,
இரண்டு தாளிலும் ஒரே காரணம்,
ஒரே க்கு.
அக்கா சீட்டை மெயிலின் மேல் வைத்து
ஓரம் சேர்த்து மடித்தார்.
'ரெண்டும் ஒண்ணுதானே, பின்ன?'

மும்பைக்கு இன்னும் திருத்தி அனுப்பவில்லை.
அக்காவின் மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
காம்பன்சேஷன் வரை வந்து நிற்கிறது.
ஃப்ளோராவின் தாளில் அது இல்லை, பென்சிலில்கூட.
நடுராத்திரி போன் போட்டேன்.
குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.
'ஃபார்' என்றாள் தூக்கக் குரலில்,
பிறகு முழித்துக்கொண்டு,
'எதுக்குடீ?'