யாரும் வாங்காத படங்கள்

ஒஹாயோவில் ஒரு கேளிக்கைப் பூங்கா.
அதன் போட்டோ கடையில்
யாரும் காசு கொடுத்து வாங்காமல் போனவை இவை.
விளிம்பில் ஆகஸ்ட் 74.
நீலம்தான் முதலில் செத்திருக்கிறது;
வானமெல்லாம் தேநீர் நிறம்.

பெல்பாட்டம் அப்பா,
பஞ்சுமிட்டாய் ஒட்டிய கன்னங்களோடு இரட்டையர்,
கரடித் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி
சிகரெட் பற்றவைக்கும் பையன்.
எல்லோருக்கும் பின்னால்
துடைப்பத்தோடு அதே பெண்.
சட்டைப்பையில் வெர்னெல் என்று தைத்திருக்கிறது.
ஒன்றிலும் அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

கடைசிப் படம் இரவில் எடுத்தது.
குடைராட்டினம் சுற்றுகிறது, பல்புகள் கோடுகோடாக.
குதிரைமேல் வெர்னெல்.
மடியில் குறுக்காகத் துடைப்பம்,
வாய் முழுக்கத் திறந்திருக்கிறது,
சிரிப்போ கத்தலோ.

பக்கத்துக் குதிரையில்
கரடியின் தலை மட்டும்,
பெல்ட் மாட்டி.