ஜன்னல் திறந்திருந்தபோது எடுத்த எண்

கரகண்டாவில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கடையில் ஒரே நீள மேசை,
முனைக்கொரு கணினி, கணினிக்கொரு கிராஃபிக்ஸ் கார்டு.
இரண்டு திரையிலும் ஒரே விளையாட்டு,
ஒரே தெரு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று விசிறிக்காரன்: நினைவகம் எட்டு ஜிபி,
பாதை இருநூற்று ஐம்பத்தாறு பிட் அகலம்,
இருநூற்று இருபது வாட் தின்பான்.
இரண்டு விசிறிக்காரன்: பன்னிரண்டு ஜிபி,
பாதை ஒடுக்கம், நூற்று எழுபது வாட்டில் பசியாறுவான்.

காகிதத்தில் பெரியவன்தான் ஜெயிக்க வேண்டும்.
மேசையில் தோற்றான்.
நொடிக்குத் தொண்ணூற்று நான்கு சட்டகம்.
சின்னவன் தொண்ணூற்றெட்டு.

எக்கிபாஸ்துஸ் கொட்டகை ஒன்றில்
இரண்டு வருஷம் இரவும் பகலும்
நாணயம் தோண்டிவிட்டு வந்தவன் பெரியவன்.
பிரித்தபோது
சிப்பின் மேல் பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
நானே துடைத்து, புதிதாகத் தடவியிருந்தேன்.
"உழைத்துத் தேய்ந்துவிட்டான்" என்றேன்.
இரக்கத்தோடு சொன்னதாகத்தான் ஞாபகம்.

குல்ஷாரா பதில் சொல்லவில்லை.
சிகரெட் நுனியால் காட்டினாள்:
சின்னவன் தலைக்கு நேர் மேலே
ஜன்னலுக்குள் இருக்கும் குட்டி ஜன்னல்,
புகை போக அவளே திறந்து வைத்தது.
பெரியவன் முதுகுக்குப் பின்னால்
நகராட்சியின் வெந்நீர்க் குழாய்.
அக்டோபரில் கொதிக்கத் தொடங்கினால் ஏப்ரல் வரை
யார் சொன்னாலும் தணியாது.

ஒருவனை சைபீரியாவிலும்
ஒருவனை அடுப்படியிலும் நிறுத்திவிட்டு
ஓடச் சொல்லியிருக்கிறேன்.

இடம் மாற்றினோம்.
பெரியவன் குளிரை இழுத்து இழுத்துக் குடித்தான்.
எண்பத்தாறு டிகிரி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.
நூற்றுப் பத்தொன்பது.
அந்த எண்ணை நோட்டில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
ஏனோ ஒரு கோடு போதவில்லை.

அப்போதுதான் எல்வீரா வந்தாள்,
தெமிர்தாவிலிருந்து, இமை மயிரில் பனியோடு.
பல் கட்டுபவள்.
நூற்றுப் பத்தொன்பதைக் காட்டினேன்.
"யார் ஓடுகிறார்கள்?" என்று கேட்டாள்.
பையிலிருந்து பென் டிரைவ் எடுத்தாள்.
அதில் ஒரு தாடை.

உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் கீழ்த்தாடை,
இடப்பக்கம் ஆறாவது பல் இல்லை.
பெரியவனிடம் கொடுத்தோம்.
முன்பற்கள் வந்தன, கோரைப் பல் வந்தது,
எட்டு ஜிபி நிரம்பியது,
திரை வெள்ளையாகி
மன்னிப்புக் கேட்டு மூடிக்கொண்டது.
இன்னொரு முறை. அதே கோரைப் பல், அதே மன்னிப்பு.

சின்னவன் தடுமாறினான்.
திருப்பினால் அரை நொடி கழித்துத் திரும்பியது தாடை.
ஆனால் முழுத் தாடை.
வேர் இருந்த குழி வரை தெரிந்தது.
எல்வீரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கார் நிறுத்த இடம் தேடுகிறவளைப் போல.

"பாவம், வலது பக்கமே மென்றிருக்கிறார்" என்றாள்.
எண்பதாயிரம் தெங்கே எண்ணி வைத்தாள்.
ஐந்தாயிரம் குறைக்கச் சொல்லி
ஏழாயிரம் குறைத்துக்கொண்டு போனாள்.
எந்தக் கணக்கில் என்று இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் தியாஸ் வந்தான், பதினேழு வயது,
பெரியவனை ஒரு கையில் தூக்கி எடை பார்த்தான்.
"எவ்வளவு?"
விலையைச் சொன்னேன்.
"அது இல்லை, எவ்வளவு?"

நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
இரண்டு கோடு போட்ட எண்.
பக்கத்தில் குல்ஷாராவின் கையெழுத்தில்
சின்னதாக: ஜன்னல் திறந்திருந்தது.

அந்த வரியின் மேல்
என் கட்டைவிரல் இருந்தது.