இங்கே குளிக்க

காந்தத்தை முதலில் முன்கதவில் வைத்தேன்.
ஒட்டியது.
பின்சக்கரத்து வளைவில் வைத்தேன்.
நழுவிப் பட்டறை மண்ணில் விழுந்தது.

ஜக்கரியா சிரிக்கவில்லை.
விழுந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார்.
பதினேழு வட்டம்.
இரும்பு இருக்கவேண்டிய இடத்தில்
பட்டியும் பெயிண்டும் பிடிவாதமும்
இருந்த இடங்கள்.

என் பிழைப்பு இது:
வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
இன்சூரன்ஸ் கம்பெனிக்காக
சேறு அப்பிய வண்டிகளைச் சுற்றிவந்து
ஒற்றைச் சொல் எழுதுவது.
தேறாது.
கீவளூரில் எழுதியிருக்கிறேன்.
தலைஞாயிற்றில் ஒரே மத்தியானத்தில் பதினோரு முறை.
எழுதும்போது வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று
யாரும் சொல்லித் தந்ததில்லை,
தானாக வந்தது.

அப்படிப்பட்ட நான்
சிக்கல் அரிசி ஆலையின் தவிட்டுக் கொட்டகையில்
கோழி அடைகாத்துக்கொண்டிருந்த
ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை
முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கினேன்.
கோழி விலையில் சேரவில்லை.

"நாகூர்க் காத்துல தகடு தானா கரையும் சார்.
நீங்க ஏன் கூடவே காசக் கரைக்கிறீங்க?"
கேட்டுக்கொண்டே கிரைண்டரைப் போட்டார் ஜக்கரியா.

மேலே வெள்ளை. அடியில் பச்சை.
அதற்கடியில், கம்பெனி அடித்த முட்டையோட்டு நிறம்.
அதற்கும் அடியில் துரு,
வெங்காயச் சருகாய் அடுக்கடுக்காக.
ஸ்குரூடிரைவர் நுனியை வைத்தேன்,
அழுத்தவில்லை,
உள்ளே போய்விட்டது.

ஒவ்வொரு கதவுக்கும் அடிவிளிம்பில் நான்கு துளைகள்,
கண்ணாடி வழியே இறங்கும் மழை வெளியேற.
எல்லாம் அடைந்திருந்தன.
கம்பியால் குத்தியதும் கொட்டியது:
வண்டல், உமி, ஒரு நத்தை ஓடு,
பூப்போல் விளிம்பு நெளிந்த பத்துப் பைசா.
கடைமடைக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம்.
வந்த தண்ணீர் தின்பதில்லை,
வடியாத தண்ணீர்தான் தின்னும்.

தகடு ஊதிக்கொண்ட இடத்தைச் சிவக்கக் காய்ச்சி
ஈரச் சாக்கை அழுத்தினால் சுருங்குகிறது.
பின்னால் டாலி, முன்னால் சுத்தியல்.
அழுகிய இரும்பு தொப்பென்கிறது,
புதுத் தகட்டை ஒட்டியபின் கதவு மறுபடி
பாத்திரக்கடைக் குரலில் பேசுகிறது.
மாசியில் தொடங்கியது
ஆடிப்பெருக்கன்றும் முடியவில்லை.

தரைக்கு வந்தோம்.
ஓட்டுநர் கால்வைக்கும் இடத்தில்
தார் பூச்சைச் சுரண்ட
ரிவெட் அடித்த ஒட்டு ஒன்று.
வண்டியைச் சாய்த்துக் கீழிருந்து பார்த்தால்
நீல எனாமல், வெள்ளை எழுத்து,
துரு ஒரு பொட்டுகூட இல்லை:

இங்கே குளிக்க

அதோடு கத்தரித்திருந்தது.

"மதகுல நட்டிருந்த போர்டு. கவர்மெண்டு சொத்து.
எவனோ ராவோட ராவா வெட்டியிருக்கான்."

அப்படியானால் ஏதோ ஒரு மதகில்
இன்றைக்கும் நிற்கும் மிச்சச் சொல்,
எது கூடாதென்று தெரியாமல்
எல்லாவற்றையும் தடுத்தபடி.
இந்த வண்டியோ
அடிவயிற்றில் அழைப்பை எழுதிக்கொண்டு
வந்த வெள்ளத்திலெல்லாம் இறங்கியிருக்கிறது.

"கேஸ் வச்சா எனாமல் தெறிச்சிடும்.
பிச்சு எறிஞ்சிட்டு இருபது கேஜ் புதுசு போட்டுடறேன்."

காந்தத்தை வைத்தேன்.
டக்.
அந்தத் தரையில் அது ஒட்டிய ஒரே இடம்.
இருக்கட்டும் என்றேன்.
ஜக்கரியா என் முகத்தைப் பார்த்தார்,
ஏழு மாதத்தில் முதல்முறையாக.

பில்லின் கடைசி வரி, கார்பன் எழுத்தில்:
பழைய தகடு 1. விட்டாச்சு. கூலி இல்லை.

ஐப்பசி.
வெட்டாற்றுப் பாலத்து இறக்கத்தில் முழங்கால் தண்ணீர்.
விளிம்பில் நிறுத்தினேன், எஞ்சினை அணைக்காமல்.
பின்னால் வேளாங்கண்ணி பஸ் ஹாரனை விடுவதாயில்லை.
என் காலுக்குக் கீழே நீலத் தகடு
தண்ணீரிடம்
தனக்குத் தெரிந்த இரண்டே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னால் எடுக்கப் பார்த்தேன்.
ரிவர்ஸ் கியர் விழவில்லை.