நான்கு மில்லிமீட்டர்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஷட்டரைத் தூக்கியதும் குளிர்தான் முதலில் நுழைந்தது.
அதன் பின்னால், இழுவை வண்டியில் தொங்கியபடி
தீசனின் பிக்கப்.

ஸ்விஃப்ட் கரண்டுக்குக் கிழக்கே
ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறான்.
கோதுமை ரயில்.
நூற்றுப் பதினெட்டுப் பெட்டி வரை எண்ணினேன் என்றான்.
நூற்றுப் பத்தொன்பதாவதை
யாரும் எண்ணவில்லை.

இன்சூரன்ஸ்காரன் இரண்டே சொல் எழுதியிருந்தான்:
முழு நஷ்டம்.
தீசன் அதை நான்காய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்திருந்தான்.
கதவு சாத்துது, எஞ்சின் ஓடுது,
இதில் எது முழு?

பின்பெட்டியைக் கழற்றினேன். எட்டு போல்ட்.
ஆறு வந்தன. இரண்டை அறுத்தேன்.
சேசிஸில் மூலைக்கு மூலை டேப் பிடித்தால்
ஒரு குறுக்கு மற்றதைவிட
இருபத்து மூன்று மில்லிமீட்டர் குட்டை.
கேபினுக்குப் பின்னால் வலது சட்டம்
உட்காரப் போய் மனம் மாறியவன் முழங்கால் மாதிரி.

அடுத்த மேடையில் நீல வேன்.
இந்த ஊரில் இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும்
ஒரே பட்டறை.
பிக்கப் பம்பரில் நீலப் பெயின்ட்.
வேனின் ரேடியேட்டரில் உருண்டையாய் ஒரு பொத்தல்.
இரண்டு சொந்தக்காரரும் ஒரே நாளில் வராதபடி
நாள் குறித்துக் கொடுத்திருந்தேன்.

இந்த இரும்புக்கு நெருப்புக் காட்டக் கூடாது.
காட்டினால் சொன்னபடி வளையும்,
பிறகு யார் சொன்னாலும் வளையும்.
பச்சையாகத்தான் இழுக்க வேண்டும்.
நான்கு இடத்தில் கட்டி, ஓரிடத்தில் சங்கிலி.
இருபத்து மூன்று இழுத்து விட்டால்
பதினாறில் போய் நிற்கும். நாய் வால்.
முப்பதுக்கு இழுத்து, அங்கேயே நிறுத்தி,
மடிப்பின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி
மெல்ல விட வேண்டும்.

சங்கிலியின் மேல் பழைய கம்பளியைப் போர்த்தினேன்.
அதுக்கும் குளிருதா? என்றான் தீசன்.
அறுந்தால் நம் முகத்துக்கு வராமல் இருக்க, என்றேன்.
இரண்டடி தள்ளி நின்றான்.
இரும்பு கத்தியதும் வெளியே போய்விட்டான்,
கோட்டு இல்லாமல்.

திரும்பி வந்தபோது கூடவே அவள்.
மரிசெல் அபலோஸ்.
முதியோர் இல்லத்து இரவு வேலை முடிந்த நேரம்.
நான் குறித்துக் கொடுத்தது வியாழக்கிழமை.
அவள் புதன்கிழமையே வந்தாள்.
கையில் ஒரு ரொட்டிப் பை.
அதற்குள், ட்ரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு.

உங்களுடையது. என் ரேடியேட்டரில் இருந்தது.

வாங்கித் துடைத்தான்.
மறையைத் திருப்பிப் பார்த்தான்.
நூற்றுப் பதினெட்டு வரை எண்ணினேன், என்றான்,
வேறெதுவும் தோன்றாதவன் போல.

நான் எண்ணவில்லை, என்றாள். தூங்கிவிட்டேன்.

போலீஸிடம் பனி வழுக்கியது என்று சொல்லியிருந்தாள்.
என் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
கம்ப்ரஸர் தானாக ஓட ஆரம்பித்து
தானாக நின்றது.

தீசன் குண்டைப் பையில் போட்டான்,
முழு நஷ்டத்துக்குப் பக்கத்தில்.
இன்று ராத்திரி வேலைக்கு எப்படிப் போவாய்?
நடந்து.
எவ்வளவு தூரம்?
அவள் சொன்னாள்.
அவன் ஷட்டரைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.
நான் சங்கிலியை இன்னொரு பல் இறுக்கினேன்.

சனிக்கிழமை கடைசி அளவு எடுத்தேன்.
நான்கு மிச்சம்.
கையேடு ஐந்து வரை பொறுத்துக்கொள்ளும்.
இன்னொரு தரம் இழுத்திருக்கலாம்.
இழுத்தால் எதிர்ப்பக்கம் போயிருக்கலாம்.
ரசீதில் 4 என்று எழுதி வட்டமிட்டேன்.
ஏன் என்று கேட்காமல் பணம் வைத்தான்.

அடுத்த வாரம் இரவு பத்தரை,
அதே கேட். முன்னால் அந்தப் பிக்கப்.
பக்கத்து இருக்கையில் தலைமுக்காடு போட்ட யாரோ,
தலை கண்ணாடிமேல் சாய்ந்திருக்க.
மூன்று வண்டி தூரம் விட்டு நின்றேன்.
பின்புறம் நேராகத்தான் இருந்தது.
வலது மூலை மட்டும், தெரிந்தவன் கண்ணுக்கு,
ஒரு நூல் இறக்கம்.

ரயில் வந்தது.
எண்ண ஆரம்பித்தேன்.