நாள் தள்ளிப் போகிறது

ஹவல்லி, இப்னு கல்தூன் தெரு.
கடைக்கு வெளியே ஐம்பது டிகிரி.
உள்ளே கண்ணாடி அலமாரியில்
முந்நூற்றுப் பத்து தினார் கிராபிக்ஸ் கார்டு ஒன்று
யாரும் கை வைக்காமல் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

போன மாதம்வரை அதற்கு ராஜ மரியாதை.
புதியது வருகிறதென்று ஒரு படம் கசிந்தது,
மங்கல், அதுவும் பாதி,
மின்விசிறி இரண்டா மூன்றா என்றுகூடத் தெரியவில்லை.
அன்றிலிருந்து வருகிறவர்கள்
பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள்,
"அடுத்தது எப்போ?" என்று போய்விடுகிறார்கள்.

எகிப்துக்கார ஹம்திக்கு
பதினாறு ஜிபி இல்லையென்றால் தொட மாட்டாராம்.
ரோடெல் சொல்கிறான், பன்னிரண்டுதான்:
அவன் மச்சான் தைவானில்
ஆலை வாசலில் நூடுல்ஸ் விற்கிறான்.
இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.
தலையாட்டவும் சேர்த்துத்தான் சம்பளம்.

இரவு அறையில் பட்டிமன்றம்.
இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா?
நடுவர் கில்பர்ட், மேல் கட்டிலில்,
கால் மட்டும் நம் தலைக்கு மேல் தொங்கும்.
சிவப்புக் கட்சிக்கு மீரா லெப்பை,
பச்சைக் கட்சிக்குத் தணிகாசலம்.
இருவருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப்,
கீல் உடைந்து, ரப்பர் பேண்டில் நிற்கிறது.
"அறுநூறு வாட் இழுக்குமாம்."
"இழுக்கட்டுமே, கரண்ட் பில் கம்பெனிதானே கட்டுது."
"போன தடவையும் ரெண்டு மடங்கு வேகம்னான்."
"டிரைவர் சரியாகிற வரைக்கும் பொறுக்கணும்டா."
காத்திருக்கவே கூடாதென்று பேச வந்தவன்
பொறுக்கச் சொன்னதில்
நடுவருக்குக் குபூஸ் புரையேறியது.
பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்து,
பள்ளிக்கூடத்திலும் சேர்த்து,
மார்க் குறைவென்று
அடிக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

வியாழக்கிழமை ஹெப்சிபா வந்தாள்.
பிரசவ வார்டு நர்ஸ்,
நைட் டியூட்டி முடிந்து தூங்காத கண்.
அவளுக்கு விமானம் ஓட்ட வேண்டும், திரையில்.
நார்வே பக்கம், பனி மூடிய சின்ன ஓடுபாதைகள்.
மேகத்துக்குள் நுழைந்தால் படம் திக்குகிறதாம்.

பையிலிருந்து காகித டேப் எடுத்தாள்,
பிறந்த குழந்தையின் தலையை அளக்கிற டேப்.
கார்டின் நீளம் முப்பத்து மூன்று சென்டிமீட்டர்.
"நல்ல தலை" என்றாள்.

கடைக்காரன் சொல்லக் கூடாததை நான் சொன்னேன்:
"பத்து நாள் பொறுங்க சிஸ்டர், புதுசு வருது.
ஏற்கெனவே ஒரு தரம் நாள் தள்ளிப் போச்சு."
"எங்க வார்டுல அதுக்கு வேற அர்த்தம்."
காது சுட்டது எனக்கு.
"தேதி யார் குறிச்சது?"
"கம்பெனி."
"எங்க டாக்டரும் சீட்டுல தேதி எழுதுவார்.
உள்ள இருக்கிறது அதைப் படிக்கிறதில்ல."

பெட்டியின் மூலை நசுங்கியதற்குப்
பன்னிரண்டு தினார் குறைக்கச் சொன்னாள்.
எட்டு என்றேன்.
பதினொன்றில் முடிந்தது.
உள்ளறையிலிருந்து அதேபோல் இன்னொன்றை எடுத்து
காலியான இடத்தில் வைத்தேன்.

வெளியீட்டு இரவு.
ஏழு பேர், என் போன்,
தண்ணீர் பாட்டிலில் சாய்த்திருந்தது.
மேடையில் யாரோ கார்டைத் தூக்கிக் காட்டினார்.
பன்னிரண்டு ஜிபி.
பதினாறு வேண்டுமென்றால் மார்ச்சில், தனி விலை.
ஆக ஹம்தியும் சரி, ரோடெலும் சரி, நூடுல்ஸ்காரரும் சரி.

விலை தெரியும் நொடியில்
திரையின் நெற்றியில் ஒரு செய்தி இறங்கி மறைத்தது:
'மேகத்துல திக்கல. ஃபேன் மட்டும் அழுவுது.'
யாரோ விரலால் தள்ளிவிட்டார்கள்.

மீரா லெப்பை டாலரைத் தினாராக்கி,
தினாரை ரூபாயாக்கி,
அங்கேயே நின்றுவிட்டான்.
ஏசியின் சத்தம் முதல்முறையாகக் கேட்டது.
பிறகு மேல் கட்டிலிலிருந்து தீர்ப்பு:
"மார்ச் வரைக்கும் பார்ப்போம்."
கைதட்டல்.
பதினாறுக்கு எந்தக் கேபிள் என்று
தணிகாசலம் அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

காலையில் முதலாளி சொன்னார்,
புதியது அந்த விலை என்றால்
பழையது ஏன் இந்த விலை?
முந்நூற்றுப் பத்தைச் சுரண்டினேன்.
அதன் கீழே முந்நூற்று ஐம்பது,
அதற்கும் கீழே, நான் வேலைக்குச் சேரும் முன்பு
வேறு யாரோ எழுதிய முந்நூற்றுத் தொண்ணூறு.
மேலே முந்நூற்று நாற்பது ஒட்டினேன்.

ஹம்தி உள்ளே வந்து,
வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு,
"முந்நூற்றுப் பத்துதானே?" என்றார்.

"நேற்று" என்றேன்,
நகத்தில் பசையோடு.