வலது பூட்ஸில் பஞ்சு

பெல்கிரேடு ஸ்டுடியோவின் உடையறையில்
இருபத்திரண்டு வருடம் பித்தான் தைத்தவள் நான்.
ஓஸ்தோயா விதாக்கின் அளவுகள்
இன்னும் கைக்கு மறக்கவில்லை:
மார்பு நூற்றாறு, இடுப்பு எண்பத்தெட்டு,
வலது காலில் விரல்கள் மூன்று.
மீதி இரண்டும் கிர்மேச் மலையில்,
நாற்பத்துமூன்றாம் வருடப் பனிக்கு.

முதலில் அவரை அழைத்துவந்தது
போராளி வேடத்துக்கு, ஒரே ஒரு வசனம்.
இயக்குநர் ஏற இறங்கப் பார்த்தார்.
சோளப்பட்டு முடி, தண்ணீர் நிறக் கண்,
வாசலில் குனிந்து வரும் உயரம்.
"இந்த முகத்தை யார் நம் ஆள் என்று நம்புவார்கள்?
ஜெர்மன்காரன் உடுப்பை மாட்டு."
மாட்டினேன்.
கழுத்துப் பித்தானைப் போடும்போது
தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது.
"இதே துணியில் எனக்கொரு கோட்டு இருந்தது.
செத்தவன்மேலிருந்து உருவியது.
முதுகில் ஓட்டை.
ஆனாலும் குளிருக்கு நல்ல கோட்டு" என்றார்.

அப்புறம் சாவதே அவருக்குப் பிழைப்பாயிற்று.
பாலத்தோடு சேர்ந்து வெடித்தார்.
வைக்கோற்போரில் கவைக்கோல் பாய்ந்து கிடந்தார்.
ஒருநாள், சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும்
ஒரே மரத்தடியில்
இரண்டு படங்களுக்காக இரண்டு தடவை.
குதிரைமேலிருந்து விழுந்தால் கூலி தனி.
அந்தக் கூலியில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினார்,
உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் சின்னக் கார் வாங்கினார்.

காய்கறிச் சந்தையில் பையன்கள்
"மேஜர்! மேஜர்!" என்று விரலை நீட்டிச் சுடுவார்கள்.
அவர் மிளகாய்ப் பையை ஓரமாக வைத்துவிட்டு
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
முறையாகச் சரிவார்.
காசு வாங்காமல் செத்தது அங்கே மட்டும்தான்.

போர்வீரர் ஓய்வூதிய அலுவலகத்திலோ
குமாஸ்தா சிரித்துக்கொண்டே கேட்டானாம்,
எந்தப் பட்டாளத்தின் ஓய்வூதியம் என்று.

அறுபத்தெட்டு, அக்டோபர்.
ஊனா ஆற்றங்கரையில் ஒரு மாவுமில் சுவர்.
சுவரோரம் உள்ளூர் ஆட்கள் பதினொருபேர்,
தலைக்கு ஒருநாள் சம்பளமும் சூப்பும்.
அதில் ஒரு பையன்
கம்பளித் தொப்பியைக் கழற்றிக்
கையில் சுருட்டி வைத்திருந்தான்.
யாரும் சொல்லித்தரவில்லை.

ஓஸ்தோயாவுக்கு வசனம் ஒரு சொல்.
"ஃபாயர்."
ஒத்திகையில் மூன்று தடவை, கணீரென்று.
கேமரா ஓடியது. கை உயர்ந்தது.
"மிலூன்" என்றார்.

கை இறங்கியதைப் பார்த்துத்தான் சுட்டார்கள்,
வார்த்தைக்கு யார் காத்திருந்தார்கள்?
பதினொருபேரும் ஒழுங்காக விழுந்தார்கள்.
"அந்த முகம்! அந்த முகம் போதும்" என்று
இயக்குநர் துள்ளினார்.
ஒலியறையில் வேறொருவர் குரலை எடுத்து
அவர் வாயில் ஒட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினேன்.
விரல் இல்லாத இடத்துக்கு நான் அடைத்த பஞ்சு
சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்:
"தம்பி.
இதே மில்தானா, தெரியாது.
மில் எல்லாம் ஒரே மாதிரிதான் கட்டுகிறார்கள்."
பிறகு ரொட்டியைப் பிட்டுச்
சூப்பில் தோய்த்தார்.

எண்பத்தொன்பதில் செத்தார்,
ஆஸ்பத்திரியில், வெடிச்சத்தம் ஏதுமில்லாமல்.
பத்திரிகையில் போட்ட படத்தில்
கழுகு பொறித்த தொப்பி.
வேறு படம் இல்லையா என்று போன் செய்தேன்.
"உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், அம்மா."
என்னிடமும் அளவுகள்தான் இருந்தன.
பெட்டிக்குள் வைக்குமுன் அக்காள் மகன் கேட்டான்,
எந்தக் காலுக்குப் பஞ்சு என்று.

அந்தப் படம் இப்போதும்
வருடம் ஒருமுறை தொலைக்காட்சியில் வருகிறது.
மில் காட்சி வந்ததும் சத்தத்தை அணைத்துவிடுவேன்.
"ஃபா" சொல்ல, மேல்பல்
கீழுதட்டைத் தொட வேண்டும்.
எத்தனை லட்சம் பேர் பார்த்திருப்பார்கள்!
இரண்டு உதடும் ஒன்றையொன்று
அழுத்திக்கொண்டு நிற்கின்றன,
பல் தெரிவதற்கு
வெகுநேரம் முன்பே.